இடப்பக்கக் கண்ணாடி

வாழைத்தார் ஏற்றுகிற குட்டியானை இது.
செவ்வாயும் சனியும் மட்டும்
விடிவதற்கு முன்னால்
ராதாபுரம் ரோட்டில்
ஒரு குதிரைக்குத் துணை ஓடும்.

டீசலுக்கு முந்நூறு, எனக்கு இருநூறு.
மாசானம் வலது கையால் எண்ணித் தருவார்.
இடது கையில் சுண்டுவிரலும்
அதற்கு அடுத்ததும் இல்லை.
பழைய குதிரை, பழைய ஜீப்பு,
விரலில் சுற்றிய கயிறு.
அவ்வளவுதான் சொல்வார்.

இந்தக் குதிரையின் பேர் தபால்.
வண்டிக்கு இடப்பக்கம்தான் ஓடணும்.
எதிரே வருகிற எல்லாவற்றுக்கும் அதற்கும் நடுவில்
தகரமும் கண்ணாடியுமாக நான் இருக்கணும்.
தாரில் கால் படக்கூடாது, செம்மண் ஓரம்.
புகை அதன் மூக்குக்குப் போகாமல்
சைலன்சர் வாயை வலப்பக்கம் திருப்பிப் பற்றவைத்தவன்
பணகுடி வெல்டர் மிக்கேல்.
"குதிரைக்காவா?" என்று சிரித்துவிட்டு
கூலியில் ஐம்பது குறைத்தான்.

ஸ்பீடாமீட்டர் முள் போன ஆடியோடு செத்துப்போச்சு.
இப்போது காதால்தான் ஓட்டுகிறேன்.
தடக்குத் தடக்கு என்றால் சரி.
ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்
மிதியிலிருந்து காலை எடு.
மூச்சு விசிலடித்தால் இன்னும் எடு.
பிரேக்கை மட்டும் சட்டென்று தொடாதே:
வண்டி நிற்கும், கயிறு நிற்கும்,
குதிரை நிற்காது.
நடுவில் கழுத்து இருக்கிறது.

கண்ணாடியில் அதை முழுசாகப் பார்த்ததே இல்லை.
ஒரு கண், பாதி நெற்றி, பறக்கிற பிடரி.
அதற்கும் பின்னால்
காற்றாடிகளின் தலையில் சிவப்பு விளக்குகள்
எல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும்.

போன சனிக்கிழமை
சமூகரெங்கபுரம் விலக்குக்கு முன்னால்
காற்றாடி இறக்கை வந்தது.
ஒரே ஒரு இறக்கைதான்.
முன்னால் கொடி கட்டிய பைக்,
அப்புறம் லாரி, அப்புறம்
இறக்கை, இறக்கை, இறக்கை.
வால் எங்கே என்று தெரியவில்லை.

காலை எடுத்தேன்.
ஓட்டம் நடையாச்சு, நடை நின்றது.
எஞ்சினையும் அணைத்தேன்.
அதுதான் தப்பு.
பழகின இரைச்சல் நின்றதும்
அந்த வெள்ளை நீளம்
சத்தமில்லாமல் பக்கத்தில் வருவது போலிருந்தது.
தபால் காதை மடக்கியது. முன்கால் தூக்கியது.
"மதினி, விட்டுட்டேன்" என்றார் மாசானம்.
திரும்பிப் பார்த்தேன்.
எட்டு விரலும் விரிந்திருந்தன.

ஓடை தாண்டி, உடைமரம் தாண்டி,
கம்பிவேலிக்கு ஒரு முழம் இருக்கையில் திரும்பி
இருட்டுக்குள் போய்விட்டது
ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
எல்கைப் பந்தயத்துக்கு ஒன்பது நாள்.

அவர் கத்தவில்லை.
வண்டித் தட்டில் உட்கார்ந்து
கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"விரலு இருக்கு" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"பிடிச்சிருந்தா நின்னுருக்குமோ?"
எனக்குத் தெரியவில்லை.

ஒருவழியாக வால் கடந்து போனது.
கடைசி பைக்காரன் எங்களுக்குக் கும்பிடு போட்டான்.
கிழக்கே லேசாக வெளுப்பு.
தேடுவதற்கென்றுகூட இல்லை,
கைப்பழக்கத்தில் சாவியைத் திருப்பினேன்.
இருமி இருமிப் பிடித்தது.
முதல் கியர்.
நூறு அடி போயிருப்போம்.

கண்ணாடியில்
முதலில் தூசி.
பிறகு ஒரு காது.
முள் கீறிய மூக்கு.
செம்மண் ஓரமாகத் தன் இடத்தில்
ஓடி வந்துகொண்டிருந்தது தபால்,
கயிற்றைத் தரையில் இழுத்தபடி,
யாரும் பிடிக்காமல்.

"நிறுத்தட்டா?"
"நிறுத்தாதிய மதினி. அப்படியே குறைச்சுட்டே வாங்க.
கயித்த மிதிச்சிரும் மூதி."
குரல் உடைந்திருந்தது.
களக்காட்டுக்காரர் போன் மூன்று தடவை அடித்தது.
எடுக்கவில்லை.

நின்றதும்
அது கண்ணாடியை ஒரு தடவை நக்கியது.
துடைக்க நேரமில்லாமல்
அதோடுதான் அன்றைக்குத் தார் ஏற்றினேன்.
ஏர்வாடி வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்த மினிபஸ்
அதில் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது.