மின்வேலி ஓய்ந்த பதினொரு நாள்

குழி தோண்ட மூன்று கையெழுத்து வேண்டியிருந்தது:
பிரதேச செயலகம், பொலிஸ், வனஜீவராசிகள்.
நாலாவதாக வட்டவிதானை வேலாப்போடி
வரம்பில் குந்தியிருந்து தலையாட்டினார்.

வெல்லாவெளிக்கு மேற்கே, குடலைப் பருவத்து வட்டையில்
நாலு திசைக்கு நாலு சட்டி புதைத்தோம்.
சட்டிக்குள் ஈய உப்பும் களியும்.
நடுவில், முழங்கால் ஆழத்தில், காந்தமானி.
இரும்போடு கிட்ட வராதீர்கள் என்றதும்
மண்வெட்டியைத் தூர வைத்துவிட்டு வந்து கேட்டார்:
"எவ்வளவு ஆழம் பாக்கப் போறீங்க புள்ள?"
நானூறு கிலோமீற்றர் என்றேன்.
"கொழும்பையும் தாண்டிக் கடலுக்குள்ள போயிருமே கா."

சூரியக் காற்று மேலே காந்தத்தை அசைக்க
கீழே பாறை மின்சாரத்தால் மறுமொழி சொல்லும்.
எவ்வளவு மெதுவோ அவ்வளவு ஆழம்;
சில மறுமொழிக்கு ஒரு பகல் முழுக்கக் காத்திருக்க வேண்டும்.
கடத்துதிறன் கூடினால் அங்கே ஈரம் இருக்கலாம்,
ஓடாத, தேங்காத, பளிங்குக்குள் பூட்டிய ஈரம்.
இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன்.
"அதில ஒரு போகம் செய்யேலுமா?"

முதல் கிழமை திரை முழுக்கச் சீப்புப் பல்.
செக்கனுக்கொன்று.
யானைவேலியின் துடிப்பு ஈர மண்ணில் கசிந்து
எங்கள் மில்லிவோல்ற்றுகளை மிதித்துக்கொண்டிருந்தது.
சில இரவுகள் நிறுத்தித் தருவீர்களா என்று
கேட்கத்தான் போனேன். கதிர் பறிந்திருந்தது.
தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மாசியில் ஒரு தனியன்
பாலை மரத்தைச் சாய்த்து வேலிமேல் போட்டது.
பெட்டி எரிந்தது. புதுப் பெட்டி கொழும்பிலிருந்து வரப்
பதினொரு நாள்.
பதினொரு இரவும் வாடிகளில் தீ, யானைவெடி,
தகரத்தில் அடிக்கும் சத்தம், தூங்காத பிள்ளைகள்.
சறோஜினிதேவியின் ஒன்றரை ஏக்கர்
விடியும்போது தரையோடு கிடந்தது.
ஒரு மணியை நகத்தால் நசுக்கிப் பார்த்தாள்.
பால்.

பேராதனையில் வளைகோட்டை விரித்தோம்.
நானூற்றுப் பத்தில் அது மெல்லத் திரும்பியது.
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இந்தப் பதினொரு நாள் மட்டும்
எப்படி இவ்வளவு சுத்தம்?"

அந்தத் திகதிகளுக்கு நேரே
'இரைச்சல் இல்லை' என்று எழுத வேண்டும்.
எழுதிவிட்டேன்.
பக்கத்தில் 'இழப்பு' என்றொரு கட்டம்,
கருவி தவறவிட்ட நிமிடங்களுக்கானது.
ஒன்றரை ஏக்கர் என்று போட்டுப் பார்த்தேன்.
அலகு பிழையென்று
கட்டம் சிவந்தது.