எட்டு நொடி

போர்வெனிரில் காற்று
வாடகை தராத குடித்தனக்காரன்.
கதவைத் தட்டுவதில்லை, வந்துவிடுகிறது.
அதனால் லாடிஸ்லாவோ என் போன் ரிப்பேர் கடைக்கு வந்து
காற்று பறிக்காத நெருப்பு ஒன்று வேண்டும்,
சட்டைப் பையில் அடங்க வேண்டும் என்றபோது
நான் சிரிக்கவில்லை.

சிகரெட்டுக்கா என்றேன்.
ஆமாம் என்றான்.
இருபது வருடப் பழக்கத்தில்
அவன் புகைத்து ஒருநாளும் பார்த்ததில்லை.

யாரோ உறிஞ்சி எறிந்த மின்சிகரெட்டின் வயிற்றில்
ஒரு பேட்டரி கிடைத்தது, சுண்டுவிரல் நீளம்,
மூன்றே முக்கால் வோல்ட்.
அதை ஆயிரங்களாக்க வேண்டும்.
செத்த ஸ்கேனரிலிருந்து ஒரு ஃபெரைட் துண்டு.
அதன்மேல் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி,
சுற்று, சுற்று, மூச்சை அடக்கிச் சுற்று.
இருநூற்றுப் பன்னிரண்டாம் சுற்றில்
ஃபிலோமேனா கண்ணாடி நொறுங்கிய போனோடு நுழைந்து
எவ்வளவு ஆகும் என்றாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு என்றேன்.
அந்தப் பெசோவுக்கு இங்கே ரொட்டியின் ஓரம்கூட வராது.
அவள் மகிழ்ந்து உட்கார்ந்துகொண்டாள்.
எண்ணிக்கை எழுந்து போய்விட்டது.

மறுபடி ஒன்றிலிருந்து.

முதல் டிரான்சிஸ்டர் 'டப்' என்றது,
கடையெங்கும் கருகிய நாற்றம்.
இரண்டாவது, ஒன்றுமே சொல்லவில்லை:
சுருளின் முனைகளை மாற்றிக் கட்டியிருந்தேன்.
ஒருமுறை என்னையும் கடித்தது,
கட்டைவிரலில் வெள்ளையாய் ஒரு புள்ளி,
இன்னும் தொட்டால் தெரிகிறது.

வெல்டர் மிலோவான் கொடுத்த டங்ஸ்டன் ஊசி இரண்டு,
நடுவே ஓர் அரிசி நீள இடைவெளி.
பொத்தானை அழுத்தினேன்.
இருட்டிலிருந்து யாரோ கிழித்த நூல்போல
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வில்,
சீறிக்கொண்டு, வளைந்து நெளிந்து.
சலவைக்கடை வாசம் அடித்தது.
ஜன்னலைத் திறந்து காற்றை அழைத்தேன்.
வந்தது, ஊதியது.
கொஞ்சம் சாய்ந்தது வில். அவ்வளவுதான்.

சூடு ஏறினால் வெந்துபோகும் என்பதால்
எட்டு நொடியில் தானே அணையும்படி வைத்து
மிட்டாய் டப்பாவுக்குள் மூடினேன்.

விலையைக் கேட்காமல், வண்டியில் ஏறு என்றான்.

பயனற்ற விரிகுடா என்று எவரோ பெயரிட்ட
நீரின் ஓரமாய் ஜல்லிச் சாலை.
வளைவில் நாய்க்கூண்டு உயரத்தில் தகரக் கூரை வீடு,
பிளாஸ்டிக் கார்னேஷன்கள், நம்பர் பிளேட்டுகள்,
மங்கிய போட்டோவில் ரோசாமெல் சிரித்துக்கொண்டிருந்தான்.
அந்த இரவு ஓட்டவேண்டிய முறை யாருடையது என்று
லாடிஸ்லாவோ சொன்னதில்லை.
ஊர் சொல்லும்.

மெழுகுவர்த்தித் திரியில் வில்லை வைத்தான்.
பிடித்தது.
கையை எடுத்தான்.
போயிற்று.
நாங்கள் இருவருமே இதை யோசித்திருக்கவில்லை:
பற்றவைப்பதைத்தான் காற்று தொடாது,
பற்றியதை அது விடாது.
பதினொரு தடவை.
என் கோட்டை விரித்து மறைத்தும் பார்த்தேன்.

பிறகு அவன் மெழுகுவர்த்தியை ஓரமாய்ப் படுக்கவைத்துவிட்டு
முழங்காலிட்டு, கையைத் தகர வீட்டுக்குள் நுழைத்து
வெறுமனே அழுத்திக்கொண்டிருந்தான்.
ஊதா முகமாய் ரோசாமெல்.
எட்டு நொடி. இருட்டு.
திரும்ப எட்டு.
டிரான்சிஸ்டர் தாங்காது என்று சொல்ல வாயெடுத்தேன்.
அந்த வழியே போன ஆட்டு லாரி ஒன்று
வழக்கம்போல அவனுக்கு ஹாரன் அடித்துப் போனது.
சொல்லவந்ததை நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கடைக்கு வந்து
டப்பாவை மேசையில் வைத்தான்.
உள்ளே எல்லாம் கரி.
சரி பண்ணலாம் என்றேன்.
தொப்பியைக் கையில் திருகியபடி நின்றான்,
வெளியே பெயர்ப்பலகை கடகடத்தது.

ஒன்பது நொடி ஆக்க முடியுமா என்றான்.