காற்றடித்த வியாழன்

புன்டா அரேனஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
காற்றுக்காக எங்களுக்கும் விடமாட்டார்கள்.
கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டிவிட்டு
பிடித்துக்கொண்டு வந்து சேருங்கள் என்பார்கள்.
போய்ச் சேர்ந்தோம்,
கொடியில் காயப்போட்ட துணி மாதிரி
சாய்ந்து, படபடத்து,
பாதி வழியில் கணக்கு நோட்டை
ஜலசந்திக்குக் கொடுத்துவிட்டு.

(நோட்டு பறந்துவிட்டது என்றால்
உகார்த்தே சார் நம்பிவிடுவார்.
அதனால் பறக்காத நோட்டுகளும் பறந்தன.)

ஜூன் மாதம் இருட்டில் நுழைந்து இருட்டில் வெளியேறுவோம்.
சூரியனை இடைவேளையில் பார்த்தால் உண்டு,
அதுவும் காய்ச்சல்காரன் கண்விழித்ததுபோல்
மஞ்சளாய் ஒருமுறை பார்த்துவிட்டு
போர்வையை இழுத்துக்கொள்ளும்.
வகுப்பின் பின்சுவரில் ஒரே ஒரு கணப்பு.
கடைசி பெஞ்சுக்கு அப்படியொரு மவுசு
உலகத்தில் வேறெந்தப் பள்ளியிலும் இருந்திருக்காது.
முதல் மதிப்பெண்காரர்கள் அங்கே குளிர்காய
மக்குகள் கரும்பலகையடியில் நடுங்கிக்கொண்டிருந்தோம்.
அந்த பெஞ்சுக்காக ரோசல்பாவும் நானும்
தலைமயிரைப் பிடித்துக்கொண்டு
அதோடு பேச்சை நிறுத்தியவர்கள்
பள்ளி முடியும்வரை பேசவில்லை.

மார்ச்சில் கடைசிக் கலஃபாத்தே பழங்கள்.
வாய்மொழித் தேர்வில் மிலென்கா வாயைத் திறந்தாள்,
சிலி நாட்டின் விடுதலைப் போர்
ஊதா நிறத்தில் வெளியே வந்தது.
தின்றவர் எங்கே போனாலும்
திரும்பி வருவார் என்பது ஊர்ப்பேச்சு.
தொப்பி தொப்பியாய்த் தின்றவள்
பெல்ஜியத்தில் பல் மருத்துவராக இருக்கிறாள்.
இன்னும் வரவில்லை.

மூன்றாம் ஆண்டு, செப்டம்பர், ஒரு வியாழன்.
கயிறு அறுந்தது.
கண்ணெல்லாம் மணல். கால் தரையில் இல்லை.
அப்போது ஒரு கை.
கையுறை போட்ட கை,
நனைந்த கம்பளி, ஆட்டுவாடை,
என் மணிக்கட்டைப் பிடித்த பிடி
நான்கு தெரு தளரவில்லை.
பள்ளிக் கதவருகே விட்டுவிட்டது.
கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது
பக்கத்தில் டான்கோ நின்று
தலையிலிருந்து மணலை உதறிக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
கல்யாணம் செய்தேன், விலகினேன்,
சுங்க அலுவலகத்தில் முப்பது வருடம்
அடுத்தவர் பெட்டிகளைத் திறந்து மூடினேன்.
எதுவும் சரியில்லாத நாட்களில்
மணிக்கட்டை லேசாகத் தொட்டுக்கொள்வேன்.

போன வருடம் போர்வெனீர் படகில் டான்கோ.
தொப்பை, மூக்குக்கண்ணாடி, அதே உதறல்.
இரண்டு மணி நேரப் பயணம், வேறென்ன செய்வது,
சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.
காபிக் கோப்பையை வைத்தான்.
"அந்தக் கைக்குக் கட்டைவிரல் இருந்ததா?"
இருந்தது.
"அப்படியென்றால் நான் இல்லை.
எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு ஜோடி கையுறை.
நான் அண்ணனின் காலுறையை மாட்டிக்கொண்டு வருவேன்.
யாராவது பார்த்துவிடுவார்களோ என்று
யாரிடமும் கை நீட்டியதே இல்லை."
பிறகு மெதுவாக,
"நானாக இருந்திருக்கலாம்" என்றான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
வருகைப் பதிவேட்டை அகரவரிசையில் அழைத்தேன்.
அல்வராதோ. உள்ளேன்.
பாரியா. உள்ளேன்.
ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டைவிரலைப்
பொருத்திப் பார்த்தேன்.
குள்ள எலிசெயோவுக்குப் பொருந்தியது.
வாயெல்லாம் ஊதாவாக வந்த மிலென்காவுக்கும்.
நோட்டுக் கதையை ஒருவேளை
நம்பாமலே நம்பிய உகார்த்தே சாருக்கும்கூட.

வ வரிசையில் ரோசல்பா வர்காஸ்.
அப்பா ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் வேலை.
கழுவாத கம்பளியில் அவளே பின்னிய கையுறை.
கணப்பருகே அவள் அதைக் காயவைத்தால்
வகுப்பு முழுக்க மூக்கைப் பொத்திக்கொள்ளும்,
எல்லோருக்கும் முன்னால் நான்.

உள்ளேன் என்று அவள் சொல்வதற்குள்
எழுந்து விளக்கைப் போட்டேன்.