மூச்சு விடக் கூடாது

புதன்கிழமைகளில் எனக்கு மூச்சு வாங்குகிற வேலை.
ஓடி அல்ல. உட்கார்ந்தபடி,
கால்வே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
வெள்ளிநிறப் பைகளில்.

ஒவ்வொருவராகத்தான் வருவார்கள்.
இருவர் சேர்ந்து உட்காரக் கூடாத நோய் இது:
ஒருவர் நுரையீரலில் குடியிருக்கும் கிருமி
அடுத்தவரிடம் வாடகைக்குப் போய்விடும்.
அதனால் ஒருவர் போனதும்
ஒரு மணி நேரம் சன்னல்களைத் திறந்துவைப்பேன்.
அட்லாண்டிக் வந்து அறையைக் கழுவிவிட்டுப் போகும்.

பத்து மணிக்கு லோர்கன். முன்னாள் தபால்காரர். நாற்பத்தாறு.
வயதைச் சொல்லும்போதெல்லாம்
யாரையோ ஏமாற்றிவிட்டவர் போலச் சிரிப்பார்.
பன்னிரண்டுக்கு கீலின்.
ரோசவீல் படகுத்துறையில் சீட்டுக் கொடுப்பவள்.

புது மாத்திரைகள் வந்தபின் இவர்களுக்குச் சளியே வருவதில்லை.
நல்ல செய்திதான்.
ஆனால் இத்தனை நாளும் கிருமியைச் சளியில்தானே தேடினோம்?
காறித் துப்பு என்று கெஞ்சிய வாயால்
இப்போது ஊது என்கிறோம்.
உள்ளே அந்தப் பச்சைக் கிருமி இருந்தால்
வெளிவரும் காற்றில் சயனைடு தெரியும்,
நூறு கோடியில் ஏழெட்டுப் பங்கு.
தெரியலாம். தெரியாமலும் போகலாம்.
இல்லாதது இருப்பதாகவும் தெரியலாம்.
இயந்திரத்துக்கு மட்டும் சந்தேகமே கிடையாது.

ஆள் ஊதும்முன் வெற்று அறையை ஒருமுறை அளக்க வேண்டும்.
திரையில் அந்தச் சின்ன மேட்டைக்
கீலின்தான் முதலில் பார்த்தாள்.
"ரோனன், யாருமில்லாத அறை எதை மூச்சு விடுது?"

ஆரஞ்சு, என்றேன்.
லோர்கன் உரித்தது. ஊதி முடித்த கையோடு
கோட்டுப் பையிலிருந்து ஒன்றை எடுத்துவிடுவார்.
இங்கே தின்னக் கூடாதென்று
மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லியாயிற்று.
தோல் குப்பைத்தொட்டியில் கிடக்கும்,
கடலாலும் கழுவ முடியாமல்.

"யார் அது?"

அதை மட்டும் நான் மூச்சு விடக் கூடாது.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அதன்பின் வாரந்தோறும்
தன் கோட்டுக்கு முன்னால் அந்த மேட்டைத்தான் தேடுவாள்.
"இன்னைக்கு ரெண்டு தின்னாச்சு போல."
"இது பழுக்காத பழம்."
மேட்டைப் பார்த்துப் பழுத்ததா என்றெல்லாம் சொல்ல முடியாது.
நான் மறுக்கவில்லை.

பிப்ரவரியின் கடைசிப் புதன்.
அட்டவணையில் பத்து மணி அடிக்கப்பட்டிருந்தது.
ஏனென்று பக்கத்தில் சிறிதாக எழுதியிருந்தது.

பன்னிரண்டுக்கு அறையை அளந்தேன்.
கோடு தரையோடு கிடந்தது.
அவள் பார்த்தாள்.
நான் குழாயைச் சரிசெய்தேன்,
சரியாகவே இருந்த குழாயை.
எதுவும் கேட்காமல் பையை வாங்கி ஊதினாள்.
அவளுடைய கோட்டில், இதுவரை எதுவுமில்லாத இடத்தில்,
எறும்பு நின்றாற்போல் ஒன்று.

மருந்து தொடங்குவதா, பொறுப்பதா?
தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டார்கள், அவள் குமட்டினாள்.
வளர்ப்புத் தட்டில் எதுவும் முளைக்கவில்லை.
எறும்பு பொய் என்றது தட்டு.
எறும்பு எதுவும் சொல்லவில்லை.
எதற்கும் இன்னொரு மூச்சு பார்த்துவிடலாம் என்றார் மருத்துவர்.

அடுத்த புதன் நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக வந்தாள்.
ஊதினாள்.
திரையில் மேடு அல்ல, மலை.
அதிலிருந்து தள்ளி, போன வாரம் நின்ற இடத்திலேயே
எறும்பும் நின்றது.
ஆனால் தின்றுவிட்டு ஊதியது கணக்கில் வராது.
அது அவளுக்கும் தெரியும்.

"அறை காலியா இருந்தது," என்றாள். "அதான்."

படிவத்தில் எழுதினேன்: செல்லாது. மறுபடி எடுக்க.
நாளைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன்.
பையை அப்போதே காலிசெய்திருக்க வேண்டும்.
ஐந்து மணிவரை அது என் மேசைமேல் இருந்தது,
உப்பி, வெள்ளியாய்,
லேசாக.

அன்று சன்னலைத் திறக்க மறந்துவிட்டதாகப்
பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது.