கோட்டின் தடிப்பு

பூநகரிக் கந்தோரில் மின்விசிறி நின்ற மத்தியானம்.
இரண்டு கரையிலும் புள்ளி குத்தினேன்;
நடுவால் ஓடும் கோட்டை மென்பொருளே கீறிவிட்டது.
வத்துக்கு மட்டும் தலைகாட்டும் ஒரு பார்
கரையா கடலா என்று கேட்டது.
கரை என்றேன்.
கோடு முந்நூறு மீற்றர்
மேற்கே தள்ளிப் போனது.

றெஜினம்மா திரைக்குக் கிட்டக் குனிந்தா.
“இந்தச் சிவப்பு எவ்வளவு தடிப்பு, பிள்ளை?”
அரை மில்லிமீற்றர்.
“கடலிலை?”
கணக்குப் பார்த்தேன்: இருநூற்றைம்பது மீற்றர்.
“அவரைப் பிடிக்கேக்கை
அதுக்குள்ளதான் நிண்டிருப்பார்.”

கால் ஆக்கினேன். “இன்னும்.”
சுழியம் கொடுத்தேன்.
ஒரு மயிரிழை மட்டும்
போகமாட்டேன் என்று கிடந்தது.

அவா பையைத் தூக்கிக்கொண்டு
பள்ளிக்குடா பஸ்ஸைப் பார்க்கப் போனா.