பதினேழு, இடமிருந்து வலம்

குறுக்கெழுத்தில் பதினேழாவது:
மனம் ஒரு பக்கம் சாய்வது. நான்கு எழுத்து.
பென்சில் முனையைக் கடித்தபடி
பந்து உருட்டும் புல்வெளியின் ஓரப் பெஞ்சில் இருக்கிறேன்.
மழை விட்டுப் பத்து நிமிடம்.
மதிலுக்கு அந்தப் பக்கம் ட்வீட் ஆறு
யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பேசிக்கொண்டு போகிறது.

நான்கெழுத்துக்கு எங்கள் மொழியில் பஞ்சமா?
லீன் என்று போடலாம்.
சுவரில் சாய்ந்த ஏணி அது.
கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறியும் அதுதான்.
லிஸ்ட் என்று போடலாம்.
சரக்கு ஒருபுறம் சரிந்த கப்பல்,
முட்டை, சோப்பு, தீப்பெட்டி என்று எழுதிய சீட்டு.
ஒரு காலத்தில் 'ஆசைப்படு' என்றும் பொருளாம்.
அகராதியில் அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை:
செத்துப்போன அர்த்தம்.
வில் என்று போடலாம்.
உயிலுக்கும் அதே சொல்.
அப்பாவின் உயிலில்
இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி பெயர்தான் இருந்தது.

மேலிருந்து இறங்கிய சொல் ஒன்று
முதல் கட்டத்தில் 'பி'யை வைத்துவிட்டது.
இனி இரண்டே இரண்டு.

பயஸ் இதோ என் காலடியில், கறுப்பாக.
பந்து போலிருக்கும், பந்தல்ல.
ஒரு விலா மட்டும் சற்று இளைத்தது.
உருட்டினால் முதலில் பெரிய யோக்கியன் மாதிரி
நேரே போகும்.
வேகம் குறையும்போதுதான்
தன் பக்கம் எதுவென்று நினைவு வரும்.

முப்பத்தோரு வருடம் ஷெரிஃப் கோர்ட்டில் தட்டச்சு செய்தேன்.
பாரபட்சம் என்ற பொருளில் அந்தச் சொல் வரும்போதெல்லாம்
முதுகை நிமிர்த்திக்கொள்வேன்.
சாய்வதே குற்றம் என்று நினைத்திருந்தேன்.

மிச்சம் பென்ட்.
அடிக்கும்போது கோணிய ஆணி.
கைநீட்டி வாங்கிய போலீஸ்காரன்.
எழுபத்து நாலு மார்ச்சில்
என் அண்ணன் லாக்லனின் பள்ளி அறிக்கையில்
மிஸ் ஆர்பத்நாட் பச்சை மையில் எழுதியிருந்தார்:
'இசைப் பக்கம் நல்ல பென்ட்.'
அதே வாரம் அதே சொல்லை
இசையை உதறிவிட்டு
அப்பா சாப்பாட்டு மேசையில் துப்பினார்.
அம்மா, உப்பு யாருக்கு வேண்டும் என்று கேட்டாள்.
நான் சிரித்தேன்.
பன்னிரண்டு வயது. அர்த்தம் தெரியாது.
அப்பா சிரித்தார், அதனால் சிரித்தேன்.
லாக்லன் என்னைத்தான் பார்த்தான், அப்பாவை அல்ல.

எங்கள் ஊருக்கு ரயில் நின்றுபோய் ஐந்து வருடம்.
பேருந்தில் போனான்,
ஒரு பையும் தோள்பட்டையில் இடிக்கும் ஃபிடில் பெட்டியும்.
போயே தீருவது என்று கிளம்பியவனையும்
இங்கே அந்தச் சொல்லால்தான் சொல்வோம்.
டிசம்பரில் ரோட்டர்டாமிலிருந்து ஓர் அட்டை வரும்.
நலம். நீ?
எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து,
காற்றுக்கு எதிரே நடப்பவன் போல.

புல்வெட்டும் வாட்டி ரதர்ஃபர்ட்
முழங்கால் நனையக் குந்தி
ஓரத்தில் பூஞ்சை தேடிக்கொண்டிருந்தான்.
"இந்தப் புல்லுக்கு என்ன பேர் தெரியுமா?
பென்ட்.
ஒட்ட வெட்டினாலும் சாகாது.
இந்த விளையாட்டுக்கு இதை அடிச்சுக்க வேற புல் இல்லை."
கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டு
வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.
இரண்டு கோடையாக
அதன் மேல்தான் நின்றிருக்கிறேன்.

"எல்ஸ்பெத், உன் முறை."
எழுந்து போய் உருட்டினேன்.
பாதி தூரம் ஒழுங்காகப் போனது.
பிறகு எதையோ மறந்துவிட்டு வந்தது போல
எதிர்ப்பக்கம் திரும்பிப்
பக்கத்து ஆட்டத்துக்குள் புகுந்தது.
திருமதி ஆலிஃபன்ட் அதைக் காலால் நிறுத்தி
"தப்புப் பக்கம் பிடிச்சிருக்கே" என்று கத்தினார்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும். இந்த முறை அர்த்தம் தெரிந்து.

இரண்டாம் கட்டத்தை முடிவு செய்ய
இன்னொரு சொல் இறங்க வேண்டும்.
அதன் குறிப்பைப் படிக்காமல்
தாளை மடித்துக் கோட்டில் வைத்திருக்கிறேன்.
அடுத்த சுற்று. பந்தில் ஈரம்.
சின்ன வட்டம் எந்தப் பக்கமோ
அந்தப் பக்கம் திரும்பும்,
கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறேன்.
தூரத்தில் வெள்ளைக் குட்டிப் பந்து.
அதைப் பார்த்து அல்ல,
வெகுவாக விலக்கி
யாருமில்லாத மூலையைப் பார்த்து
கையை விடுகிறேன்.