இருபது எண்ணுவதற்குள்

மண்டபம் ஆசுபத்திரியில்
தடுப்பூசிப் பெட்டி வைக்கிற அறை.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து
என் கண்ணில் அதை மாட்டினாள் ரிஃபாயா.
கீழக்கரைப் பெண். கரண்டு வைக்கிற படிப்பு படித்தவள்.
"இது நெசமில்லக்கா.
இங்கயே பாத்து வச்சுக்கிட்டா
மதுரையில பயம் வராது."

எனக்குக் கண்ணாடி புதிதில்லை.
பாசிக்கு முங்கும்போது போடுவதுதான்.
பட்டை அறுந்து, போன வருசம்
சைக்கிள் டியூப் வெட்டிக் கட்டினேன்.
இது அதைவிடக் கனம்.
தண்ணீர் மட்டும் இல்லை.

மதுரை திறந்தது.
கோபுரமில்லை, பஸ் ஸ்டாண்டு இல்லை.
ஒரு வெள்ளை அறை, நடுவில் பலகை,
பலகைக்கு மேலே இயந்திரம்.
கப்பல் வந்தால் பழைய பாலத்தைத் தூக்குவார்களே,
அதில் ஒரு பாதி மட்டும் வந்து
வீட்டுக்குள் நிற்கிற மாதிரி.

"சுத்திப் பாருங்கக்கா."
பார்த்தேன்.
செருப்பு விட இடம் தெரியவில்லை.
"சேலை மாட்ட ஆணி இல்லையே" என்றேன்.
பேனா கிறுக்குகிற சத்தம் கேட்டது.
எழுதிக்கொண்டாள் போல.

பிறகு குனிந்தேன்.
நான் இல்லை.
மடி இல்லை, கை இல்லை.
ஆடியில் எடுத்த இடம் இல்லை,
எடுக்காமல் விட்டதும் இல்லை.
நாற்காலி இருக்கவேண்டிய இடத்தில்
கட்டம் கட்டமாகத் தரை.

மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துக் குளிக்கிறேன்.
அவர் விளக்கை அணைக்கிறவரை
திரும்பிப் படுப்பதில்லை.
அந்த வெறுந்தரையை
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா தெரியுது?"
"ஒண்ணும் தெரியல."
பொய்யில்லை.

அடுத்து மூச்சு.
ஒரு பச்சைப் பட்டை ஏறும்,
கோட்டைத் தொட்டதும் பிடிக்கவேண்டும்.
"இருபது எண்ணுவாங்க.
நெஞ்சு நெறஞ்சு இருந்தா
இதயம் கொஞ்சம் ஒதுங்கி நிக்கும்க்கா,
கதிர் அதத் தொடாது."

இருபதா?
குருசடைக்குக் கிழக்கே பாரில்
விரலில் துணி சுற்றி
அறுபது எண்ணும்வரை மரிக்கொழுந்து பறிப்பவள் நான்.
காட்டிலாகாப் படகுச் சத்தம் கேட்டால்
இன்னும் பத்து சேர்ந்துகொள்ளும்.
அத்தனை நாளும் இதயம்
எங்கே ஒதுங்கி நின்றதோ.

இழுத்தேன்.
ஒன்பதில் விட்டுவிட்டேன்.

பட்டை பொத்தென்று விழுந்தது.
மறுபடி. பதினொன்று.
மறுபடி. இருமல்.
ரிஃபாயா பேசாமல் இருந்தாள்.
எனக்கு வெட்கமாகிவிட்டது.
நாற்காலியில், இத்தனை காற்றுக்கு நடுவில்
எதற்கென்று மூச்சைப் பிடிப்பது?
முங்கினால் கைக்கு வேலை உண்டு.

கை தானாக எழுந்து
காற்றில் பறிக்க ஆரம்பித்தது.
பதினேழு. பத்தொன்பது. இருபத்தாறு.

"கைய அசைக்கக் கூடாதுக்கா.
தலைக்கு மேல பிடி இருக்கும்,
அதப் பிடிச்சுக்கிட்டே படுக்கணும்."
"கால் கட்டைவிரல்?"
யோசித்தாள்.
"யாரும் கேட்டதில்ல.
லேசா. போர்வைக்குள்ள."

மதுரையில் குளிர் இருந்தது.
அதை அந்தப் பெட்டிக்குள் யாரும் வைத்திருக்கவில்லை.
பினாயில் வாசமும்தான்.
ஆணி இருந்தது, ஒன்று, வளைந்து,
யாருடையதோ துண்டு தொங்கியது.
அதன்மேலேயே மாட்டினேன்.

படுத்தால் குனிய முடியாது.
குனியாமலே தெரிந்தது, இருந்தேன்.
தையல் இழுக்கிற இடம்வரை
முழுசாக இருந்தேன்.
பேனாவால் என்மேல் கோடு போட்டுவிட்டு
எல்லோரும் வெளியே போனார்கள்.
பாலத்தின் பாதி சுற்றி வந்து நின்றது.

"நம்புராணி, மூச்ச இழுங்க."
சுவரிலிருந்து ஒரு குரல்.
"பிடிங்க."

போர்வைக்குள் ஒரு கொத்து.
பாறையோடு ஒட்டியது, பிய்க்காமல் கிள்ளி
இன்னொரு கொத்து.

"விடுங்க."

"விடுங்கம்மா, போதும்."

இன்னும் கொஞ்சம் பாசி இருந்தது.